மண்ணுக்குள் ஒரு செடி, படிவத்தில் ஒரு கேள்வி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டை விற்க முன்வருவோர் வழக்கமாக நிரப்பித் தரும் டிஏ6 என்னும் சொத்து விவரப் படிவத்தில், எல்லைச் சுவர் யாருடையது, அண்டை வீட்டாருடன் தகராறு ஏதும் உண்டா, வெள்ளம் புகுந்ததுண்டா என்பன போன்ற கேள்விகளுக்கு நடுவே, 2013ஆம் ஆண்டு முதல் ஒரு செடியைப் பற்றிய கேள்வியும் இடம்பெற்று வருகிறது. ஜப்பான் நாட்வீட் எனப்படும் செடியால் இந்தச் சொத்து பாதிக்கப்பட்டுள்ளதா என்பதே அக்கேள்வி. அதற்கு எதிரே ‘ஆம்’, ‘இல்லை’, ‘தெரியவில்லை’ என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. வேறெந்தச் செடியையும் பெயர் சொல்லிக் கேட்காத அப்படிவம் இந்த ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் கேட்பதற்குக் காரணம், இச்செடி இருப்பது தெரிந்தால் வங்கி வீட்டுக்கடன் தரத் தயங்குவதும், விலை குறைவதும், சில வேளைகளில் விற்பனையே நின்றுபோவதும்தான். லண்டனின் ஹாரோ, டூட்டிங், ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் வீடு வாங்கி வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதே படிவத்தைத்தான் நிரப்புகின்றன. ஆகவே, இச்செடி வீட்டுக்கு உண்மையில் இழைக்கும் கேடு எவ்வளவு, அதைப் பற்றிய அச்சமும் மறைப்பும் இழைக்கும் கேடு எவ்வளவு என்று பிரித்தறிவது வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பயன் தருவதாகும்.

நாட்வீட் என்ற ஆங்கிலப் பெயருக்குக் கணு கணுவாக வளரும் களைச்செடி என்பது பொருள். ஜப்பான், கொரியா, சீனா, தைவான் ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் இயல்பாக வளரும் இதனை ஜப்பானியர் ‘இத்தாதோரி’ என்று அழைக்கின்றனர். அந்நாட்டின் கோச்சி மாகாணத்தில் இதன் இளந்தண்டைத் தோலுரித்து, உப்பிட்டுப் பதப்படுத்திச் சமைத்துண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. தமிழ்நாட்டுச் சமையலறைகள் அறிந்த சுக்கான் கீரையும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், அந்தத் தண்டின் புளிப்பு எத்தகையது என்று தமிழ் வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகிய சரிவுகளில் முதலில் முளைத்தெழும் செடிகளுள் இதுவும் ஒன்று என்பதையும், அங்கே இதைத் தின்னும் பூச்சிகளும் இதன் இலைகளைத் தாக்கும் பூஞ்சைகளும் ஏராளமாக இருப்பதால் இது கட்டுக்குள் நிற்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், ஐரோப்பாவில் பிறகு நடந்தது எளிதில் விளங்கும்.

நாகசாகித் துறைமுகத்தை ஒட்டிய தெஜிமா என்னும் சிறு தீவில் டச்சு வணிகர்களுக்கு மருத்துவராக 1823இல் சென்று சேர்ந்த ஜெர்மானியர் பிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட், ஜப்பானியத் தாவரங்கள் பலவற்றை நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் கொண்டுவந்து வளர்த்து விற்றார். அவற்றுள் ஒன்றான இச்செடிக்கு, அவ்வாண்டின் மிகவும் கவனத்தை ஈர்த்த புதிய அழகுச்செடி என்று பாராட்டி, உட்ரெக்ட் நகரத்து வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1847இல் தங்கப் பதக்கம் வழங்கியது. 1850இல் சீபோல்ட் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பிய செடிப் பொதியிலும் இது இருந்தது. மூங்கிலைப் போன்ற தண்டும், கோடை முடிவில் நுரைபோல் பூக்கும் வெண்பூங்கொத்துகளும் விக்டோரியா காலத் தோட்டக்காரர்களை மயக்கின. நாற்றுப்பண்ணைகள் இதை விற்றன. நண்பர்கள் ஒருவருக்கொருவர் வேர்த்துண்டுகளைப் பரிசளித்துக்கொண்டனர். இந்தியக் காடுகளை இன்று மூடிக்கிடக்கும் உண்ணிச்செடியும் தோட்டத்து அழகுச்செடியாகவே கப்பலில் வந்தது என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். பிரிட்டனில் இச்செடி தோட்ட வேலியைத் தாண்டித் தானாக வளர்ந்ததாக முதலில் பதிவானது 1886இல், தெற்கு வேல்ஸின் மேஸ்டெக் என்னும் நிலக்கரி ஊரில். சுரங்கத்திலிருந்தும் உலைகளிலிருந்தும் வெளியே கொட்டப்பட்ட கரிச்சாம்பல் மேடுகள், எரிமலைச் சாம்பலில் வாழப் பழகிய செடிக்குப் பிறந்த வீடாகவே அமைந்துவிட்டன.

இச்செடியின் வலிமை முழுவதும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. இஞ்சியிலும் மஞ்சளிலும் காணப்படுவது போன்ற மட்டநிலத்தண்டு, அதாவது மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடி உணவைச் சேமித்து, கணுதோறும் புதிய முளையைக் கிளப்பும் தண்டு, இதற்கு உண்டு. ஒரு கிராமுக்கும் குறைவான எடையுள்ள துண்டுகூடப் புதிய செடியாக முளைக்க வல்லது. பிரிட்டனில் உள்ள ஜப்பான் நாட்வீட் செடிகள் மகரந்தம் உண்டாக்காத பெண் செடிகளே. மரபணு ஆய்வு அவை அனைத்தும் ஒரே செடியின் நகல்கள் என்று காட்டியுள்ளது. தன் இனத்து விதையால் பரவ வழியற்ற ஒரு செடி நாடு முழுவதும் பரவியிருக்கிறது என்றால், அதைச் சுமந்து சென்றவை ஆற்று வெள்ளமும், அவற்றினும் மேலாக மனிதக் கைகளும் மண்வெட்டிகளும் லாரிகளுமே என்பது தெளிவு. கட்டுமானத்துக்காக ஓரிடத்தில் தோண்டிய மண்ணை மற்றோரிடத்தில் கொட்டும்போதெல்லாம், இரயில்பாதை ஓரங்களைச் சீர்செய்யும்போதெல்லாம், தோட்டக் குப்பையை வேலிக்கு அப்பால் வீசும்போதெல்லாம் இது இடம்பெயர்ந்தது.

அடையாளம் காண்பதில் நேரும் பிழைகள் மிகுதியாகையால், செடியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. இளவேனிலில், மார்ச் ஏப்ரல் மாதங்களில், கருஞ்சிவப்பு நிறமுள்ள தடித்த முளைகள் ஈட்டி முனைபோல மண்ணைப் பிளந்து வெளிவருகின்றன. வளர்ச்சி மும்முரமாக இருக்கும் நாள்களில் ஒரே நாளில் 10 செ.மீ. வரை உயரக்கூடிய இவை, கோடைக்குள் இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்து அடர்ந்த புதராகிவிடுகின்றன. பச்சைத் தண்டின் மேல் ஊதாப் புள்ளிகள் சிதறியிருக்கும். தண்டை ஒடித்தால் கணுக்களுக்கு இடையே உள்ளே வெற்றிடமாக இருக்கும். கிளைக்காம்பு நேராக ஓடாமல் கணுவுக்குக் கணு வலமும் இடமுமாக வளைந்து செல்ல, ஒவ்வொரு வளைவிலும் ஓர் இலை நிற்கும். மண்வாரியைப் போன்ற அந்த இலையின் அடிப்பக்கம் கத்தியால் சீவியதுபோல் தட்டையாகவும் நுனி கூராகவும் இருக்கும். ஆகஸ்ட் செப்டம்பரில் பூத்து, முதல் உறைபனியில் இலைகளை உதிர்த்து, மாரிக்காலம் முழுவதும் காய்ந்த பழுப்புக் கோல்களாக நிற்கும். மட்டநிலத்தண்டோ, வெளியே கரும்பழுப்புத் தோலும் உள்ளே கேரட்டை வெட்டினாற்போன்ற ஆரஞ்சு நிறமும் கொண்டது. புதிதாக இருக்கும்போது கேரட்டைப் போலவே படக்கென்று ஒடியும். இந்த ஆரஞ்சு நிறத்தை ஒருமுறை பார்த்தவர் பிறகு மறப்பதில்லை.

வீட்டுச் சந்தையில் இச்செடி பற்றிய பெரும் பீதி பரவியது ஏறத்தாழ 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு வரும், அடித்தளத்தையே பெயர்த்துவிடும் என்று செய்தித்தாள்கள் எழுதின. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பின. மதிப்பீட்டாளர்களின் தொழில்முறை அமைப்பான ரிக்ஸ், அதாவது பட்டய மதிப்பீட்டாளர்களின் அரச நிறுவனம், 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல், செடி நிற்கும் இடத்திலிருந்து 7 மீட்டருக்குள் வீடு இருக்கிறதா என்பதை இடர்ப்பாட்டின் அளவுகோலாகக் கொண்டது. மட்டநிலத்தண்டு 7 மீட்டர் வரை பக்கவாட்டில் ஓடக்கூடும் என்ற பழைய கருத்திலிருந்து வந்த எண் அது. நடைமுறையில் அந்த எண் ஒரு கோடாக இறுகிவிட, தன் தோட்டத்தில் செடியே இல்லாதவரும், பக்கத்து வீட்டுக் கொல்லையில் அது நிற்பதால் தம் வீட்டை விற்க முடியாமல் தவித்தனர். வேறு எந்தச் சொத்தும் இல்லாத ஒரு குடும்பத்துக்கு அது எத்தகைய நெருக்கடி என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் போதுமானதா என்று கேட்ட ஆய்வு 2018இல் வெளியானது. லீட்ஸ் பல்கலைக்கழகமும் ஏகாம் என்னும் பொறியியல் நிறுவனமும் சேர்ந்து நடத்திய அவ்வாய்வில், களைக்கட்டுப்பாட்டாளர்களிடமும் மதிப்பீட்டாளர்களிடமும் தகவல் திரட்டப்பட்டதோடு, வடக்கு இங்கிலாந்தில் கைவிடப்பட்டுக் கிடந்த 68 பழைய வீடுகளும் நேரில் ஆராயப்பட்டன. பராமரிப்பாரின்றிச் செடிகள் தம் போக்கில் வளர்ந்த அத்தகைய வீடுகளிலேயே நாட்வீட் கட்டடங்களுக்குக் குறிப்பிடத்தக்க சேதம் விளைவித்ததற்குச் சான்று கிட்டவில்லை என்பதும், மரங்களும் படர்கொடிகளுமே கூடுதலான சேதத்தை விளைவித்தன என்பதும், மட்டநிலத்தண்டு 4 மீட்டருக்கு மேல் ஓடுவது அரிது என்பதும் அதன் முடிவுகள். நாட்வீட் கான்கிரீட்டைத் துளைப்பதில்லை. ஏற்கெனவே உள்ள விரிசலிலும் இணைப்பு இடைவெளியிலும் புகுந்து அவற்றை அகலமாக்குகிறது என்று சொல்வதே சரி. தோட்டத்து நடைபாதை, தளக்கல், தாழ்ந்த மதில் போன்ற இலேசான அமைப்புகளுக்கே ஆபத்து மிகுதி. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்பக் குழுவும் 2019இல் இப்பொருளை விசாரித்து, கடன் நிறுவனங்களின் அணுகுமுறை சான்றுகளுக்கு மிஞ்சிய எச்சரிக்கையுடன் இருப்பதாகக் கூறியது.

அதன் விளைவாக 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய ரிக்ஸ் வழிகாட்டுதல் 7 மீட்டர் கோட்டைக் கைவிட்டு, ஏ முதல் டி வரை நான்கு வகைகளை வகுத்தது. கட்டடத்துக்கே கண்ணால் காணத்தக்க சேதம் விளைந்திருந்தால் ஏ. சேதம் இல்லாவிடினும் தோட்டத்தைப் பயன்படுத்தவோ அதற்குள் செல்லவோ முடியாதபடி செடி தடுத்தால் பி. வளாகத்துக்குள் இருந்தும் இவ்விரண்டும் இல்லையெனில் சி. வளாகத்துக்கு வெளியே, ஆனால் எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள் இருந்தால் டி. கடைசி இரண்டு வகைகளில் கடனை நிறுத்திவைக்கத் தேவையில்லை என்பதே இவ்வகைப்பாட்டின் உட்பொருள். இது நல்ல மாற்றம். காலம் தாழ்ந்து வந்தது என்பதே குறை. எனினும் ஒவ்வொரு கடன் நிறுவனமும் தனக்கென விதிகள் வைத்துக்கொண்டிருப்பதால், வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போன பின்பு கேட்பதைவிட முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது.

தன் தோட்டத்தில் நாட்வீட் இருப்பது குற்றம் என்று பலர் நினைக்கின்றனர், அது தவறு. சொந்த நிலத்தில் இச்செடி இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அதை எந்த அரசு அலுவலகத்துக்கும் அறிவிக்க வேண்டிய கடமையும் இல்லை. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம் தடுப்பது, இதை வெட்டவெளியில் நடுவதையும் பரவச் செய்வதையும்தான். வெட்டிய தண்டும் தோண்டிய மண்ணும் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி கட்டுப்பாட்டுக்குரிய கழிவுகள் ஆகையால், அவற்றை நகராட்சியின் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடலாகாது. உரிமம் பெற்றவர் வழியாக, அதற்கென அனுமதிக்கப்பட்ட குப்பைக் கிடங்குக்கே அனுப்ப வேண்டும். 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின்கீழ், பரவும் செடியைக் கண்டும் காணாமல் இருப்பவருக்கு உள்ளாட்சி அமைப்போ காவல்துறையோ அறிவிப்பு அனுப்பலாம். மீறினால் தனிநபருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு.

அண்டை நிலத்திலிருந்து செடி உள்ளே புகுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை சொன்ன வழக்கு, தற்செயலாக அதே மேஸ்டெக்கிலிருந்து வந்தது. இரயில்பாதைக் கரையை ஒட்டிய இரண்டு சிறு வீடுகளின் உரிமையாளர்கள், அக்கரையில் நெடுங்காலமாக வளர்ந்திருந்த நாட்வீட்டுக்காக நெட்வொர்க் ரெயில் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விலை குறைந்தது என்பது மட்டுமே வழக்குக்குக் காரணமாகாது என்றும், ஆனால் மண்ணுக்குள் மட்டநிலத்தண்டு புகுந்திருப்பதே தன் நிலத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்தும் உரிமைக்கு ஒரு சுமை என்றும், கட்டடத்தில் விரிசல் விழும்வரை உரிமையாளர் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. மேஸ்டெக் அடங்கிய பிரிட்ஜெண்ட் வட்டாரத்திலேயே எழுந்த மற்றொரு வழக்கில், 2024இல் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லையும் வகுத்தது: நகராட்சி கவனித்திருக்க வேண்டிய கடமை 2013இல்தான் தொடங்கியது, செடியோ அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே வழக்காளியின் நிலத்துக்குள் வந்துவிட்டது, ஆகையால் நேர்ந்த விலைக் குறைவுக்குக் கடமை தவறியது காரணமன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். எனவே, செடி எப்போது உள்ளே வந்தது, அண்டை நிலத்தாருக்கு எப்போது எழுத்தில் தெரிவிக்கப்பட்டது என்னும் இரண்டு தேதிகளும் பணத்தைவிடப் பெறுமதியுள்ள சான்றுகளாகிவிடுகின்றன. நீதிமன்றப் படியேறுவதற்கு முன், அண்டை வீட்டாருடன் நேரில் பேசி, இரு தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது செலவையும் மனக்கசப்பையும் ஒருங்கே குறைக்கும்.

இனி மீண்டும் அந்த மூன்று கட்டங்களுக்கு வரலாம். ‘இல்லை’ என்று குறியிடுபவர், மண்ணுக்கு மேலே செடி தெரியவில்லை என்பதைச் சொல்லவில்லை. மண்ணுக்கு அடியிலும், எல்லைக்கு அப்பால் 3 மீட்டருக்குள்ளும் மட்டநிலத்தண்டு இல்லை என்று உறுதி கூறுகிறார் என்று படிவத்தின் விளக்கக் குறிப்பு எச்சரிக்கிறது. தென்மேற்கு லண்டனின் ரெய்ன்ஸ் பார்க் பகுதியில் 2018இல் 7,00,000 பவுண்டுக்குக் கைமாறிய ஒரு வீட்டின் கதை இதற்கு உரிய சான்று. விற்றவர் ‘இல்லை’ என்று குறியிட்டிருந்தார். வாங்கியவர் தோட்டத்தைச் சீர்செய்தபோது, கொட்டகைக்குப் பின்னால் நாட்வீட் இருந்தது தெரியவந்தது. பெரிய புதர் ஒன்று மறைத்ததால் தமக்குத் தெரியாமல் போயிற்று என்று விற்றவர் வாதாடினார். முன்பே களைக்கொல்லி தெளிக்கப்பட்டதற்கு அடையாளம் இருந்ததாக வல்லுநர் சான்றளிக்க, 2023இல் நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்க மறுத்தது; இழப்பீடும் இரு தரப்பு வழக்குச் செலவும் சேர்ந்து அவர் தலையில் விழுந்த சுமை 2,00,000 பவுண்டைத் தாண்டியதாகச் செய்திகள் கூறின. அச்செடியை முறையாக அகற்றுவதற்கு ஆகியிருக்கக்கூடியது இதில் ஒரு சிறு பங்கே. உண்மையாகவே அறியாதவர் ‘தெரியவில்லை’ என்ற கட்டத்தில் குறியிடலாம். அறிந்தவருக்கு ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு வழியில்லை, அந்த ‘ஆம்’ உடன் சிகிச்சைத் திட்டத்தை இணைத்துத் தருபவருக்கு வாங்குபவர் கிடைக்கவே செய்கிறார். 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டப்படி, தாம் சொன்னதை நம்பத் தக்க காரணம் இருந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு சொன்னவருடையதே.

வாங்குபவருக்கு உரிய அறிவுரை இதைவிடச் சுருக்கமானது. மாரிக்காலத்தில் வீடு பார்க்கச் செல்பவர் பச்சை இலைகளைத் தேடிப் பயனில்லை. காய்ந்த பழுப்புக் கோல்கள், மண்ணோடு மண்ணாக வெட்டிவிடப்பட்ட தண்டின் அடிக்கட்டைகள், அண்மையில் கொட்டிப் பரப்பப்பட்ட மரச்சீவல் அல்லது கருங்கல் ஜல்லி, காரணம் தெரியாமல் விரிக்கப்பட்ட கறுப்புத் தார்ப்பாய் ஆகியவற்றைத் தோட்டத்து மூலைகளில் கவனிக்க வேண்டும். பின்னால் இரயில்பாதையோ ஓடையோ கைவிடப்பட்ட மனையோ இருந்தால் வேலிக்கு அப்பாலும் எட்டிப் பார்க்க வேண்டும். ‘தெரியவில்லை’ என்ற விடை வந்தால், அதைக் கடந்து போகாமல், நாட்வீட்டுக்கென்றே தனி ஆய்வு ஒன்றை ஒரு வல்லுநரைக் கொண்டு செய்துகொள்வது பின்னாளைய இழப்போடு ஒப்பிடச் சிறு செலவே.

அகற்றும் வழிகளில் மலிவானது களைக்கொல்லி, விரைவானது தோண்டியெடுத்தல். கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லி இலை வழியாகப் புகுந்து, செடி தன் புரதங்களைக் கட்டத் தேவையான அமினோ அமிலங்கள் சிலவற்றின் உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. கோடை முடிவிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் செடி தன் உணவை மட்டநிலத்தண்டுக்கு இறக்குகிறது. அப்போது தெளிக்கும் மருந்து அந்த ஓட்டத்தோடு சேர்ந்து கீழே போகும். இளவேனிலில் அவசரப்பட்டுத் தெளிப்பவர் இலையைக் கருக்குகிறாரேயன்றி வேரைத் தொடுவதில்லை. ஸ்வான்ஸீ பல்கலைக்கழகத்தார் 19 முறைகளைக் களத்தில் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்விலும் கிளைஃபோசேட்டே சிறந்ததாகத் தேறியது. ஆயினும் மூன்றாண்டுகளுக்குள் எந்த முறையும் செடியை முற்றாக ஒழிக்கவில்லை. தோண்டியெடுப்பது உடனடிப் பயன் தந்தாலும், டன் கணக்கில் மண்ணை உரிமம் பெற்ற கிடங்குக்கு ஏற்ற வேண்டியிருப்பதால் செலவு பல மடங்காகும். இயற்கை எதிரியைக் கொண்டே அடக்கலாம் என்ற எண்ணத்தில், ஜப்பானில் இச்செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் அஃபலாரா இத்தாதோரி என்னும் சிறு பூச்சி 2010இல் அரசு அனுமதியுடன் பிரிட்டனில் விடப்பட்டது. அங்கே அது வேரூன்றப் பெரிதும் தடுமாறுகிறது. வீட்டுக்காரர் தாமே வெட்டுவதும், புல்வெட்டியால் அறுத்துச் சிதறடிப்பதும், உரக்குழியில் இடுவதும் செடிக்குத் துணைபோகும் செயல்களே.

வீட்டை விற்கும் எண்ணமுள்ளவருக்குச் செடி சாவதைவிட முதலில் தேவைப்படுவது தாள்கள்: தகுதி பெற்ற நிறுவனம் வகுத்த சிகிச்சைத் திட்டம், ஒவ்வோர் ஆண்டின் தெளிப்புப் பதிவு, முடிவில் தரப்படும் காப்பீட்டுடன் கூடிய உத்தரவாதம். பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு வழங்கப்படும் அவ்வுத்தரவாதம் வீட்டோடு அடுத்த உரிமையாளருக்கு மாறக்கூடியதாகவும், சிகிச்சை நிறுவனம் மூடப்பட்டாலும் காப்பீட்டாளர் பொறுப்பேற்பதாகவும் இருக்கிறதா என்று கடன் தருபவர் பார்ப்பார். களைக்கொல்லியால் அடங்கிய மட்டநிலத்தண்டு செத்துவிட்டதாகத் தோன்றி மண்ணுக்குள் பல பருவங்கள் உறங்கிக் கிடக்கலாம். கிளறினால், துண்டுபட்ட இடத்திலிருந்து மீண்டும் முளைக்கலாம். ஆகவே, தோட்டத்தின் எந்தப் பகுதியில், வேலியிலிருந்து எத்தனை மீட்டரில் செடி நின்றது என்று குறிக்கப்பட்ட வரைபடம் பத்திரங்களோடு சேர்ந்து கைமாற வேண்டும். சில ஆண்டுகள் கழித்துச் சமையலறையை நீட்டிக் கட்ட எண்ணி வானம் தோண்ட வருபவர், மண்வெட்டியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.